திறமை பெரிதா, உழைப்பு பெரிதா?



2025ம் ஆண்டு செப்டம்பர் மாதம், இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் நகரில் உலகக் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. அதில் இந்தியாவுக்கு நான்கு பதக்கங்கள் கிடைத்தன. நான்கையும் வென்றவர்கள் பெண்கள்! ஜாஸ்மின் லம்போரியா 57 கிலோ எடைப் பிரிவிலும், மீனாட்சி ஹூடா 48 கிலோ எடைப் பிரிவிலும் தங்கம் வென்றனர். நூபுர் ஷியோரன் வெள்ளிப் பதக்கமும், பூஜா ராணி வெண்கலப் பதக்கமும் பெற்றனர்.

ஜாஸ்மினின் குடும்பத்துப் பெரியவர்கள் குத்துச்சண்டை வீரர்கள். நூபுரின் தாத்தா ஹவா சிங். 1966, 1970ம் ஆண்டுகளில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றவர் அவர். 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?' என்று நம் ஊரில் சொல்வார்களே, இந்த இருவருக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால், மீனாட்சியின் தந்தை ஆட்டோ ஓட்டுநர். ஹரியானா மாநிலம், ரோத்தக் மாவட்டத்தில் உள்ள ருர்க்கி என்ற கிராமத்தில் பிறந்த பெண் அவர். அவரும் அதே ஊரில், அதே வாரத்தில், அதே தங்கத்தைத்தான் கழுத்தில் அணிந்துகொண்டார். அப்படியானால் வெற்றியைத் தருவது எது? பிறக்கும்போதே உடம்போடு வரும் திறமையா? அன்றாடம் வியர்வை சிந்தி உழைக்கும் உழைப்பா?

வாருங்கள், ஒரு சின்னப் பட்டிமன்றம் நடத்திப் பார்ப்போம். இரண்டு பக்க நியாயத்தையும் கேட்போம். தீர்ப்பை அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம், சரியா?

திறமை அணி பேசுகிறது

"விளையும் பயிர் முளையிலே தெரியும்! உயரத்தையும் கையின் நீளத்தையும் யாரும் பயிற்சி செய்து வாங்க முடியாது" என்று தொடங்குகிறது திறமை அணி.

இது உண்மைதான். நீளமான கை உள்ளவர், எதிராளியின் குத்து தன் மீது படாத தூரத்தில் நின்றுகொண்டே அவரைக் குத்திவிடலாம். குள்ளமான வீரரோ, குத்துகளுக்கு நடுவே புகுந்து அருகில் போனால்தான் எதையும் செய்ய முடியும். உடல் எடையும் அப்படித்தான். 80 கிலோ எடை உள்ளவர் விடும் குத்தை 48 கிலோ எடை உள்ளவர் தாங்குவாரா?

அதனால்தான் குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். போட்டியாளர்களை முதலில் எடை போடுவார்கள். ஒரே எடைப் பிரிவைச் சேர்ந்தவர்கள்தான் மோத முடியும். 'இயற்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கவில்லை' என்று விதிப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது, பார்த்தீர்களா?

திறமை அணி இன்னொரு சான்றையும் எடுத்து வைக்கிறது. 'ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு' என்ற ஆராய்ச்சியில், 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேரை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்கள் அவர்கள். எல்லோருக்கும் 20 வாரங்கள், ஒரே மாதிரியான சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 1999ம் ஆண்டு வெளியானது. சிலருக்கு, மூச்சு வாங்காமல் உழைக்கும் சக்தி வெகுவாகக் கூடியிருந்தது. சிலருக்கோ ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை! ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரி பலன் கிடைத்திருந்தது.

இதற்கு என்ன பொருள்? பயிற்சியால் ஒருவருக்கு எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதிலும் பிறவிக்குப் பங்கு உண்டு. 'உழைத்தால் எல்லோருக்கும் எல்லாமே சமமாகக் கிடைக்கும்' என்று சொல்லிவிட முடியாது.

திறமை அணிக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிடலாம். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

உழைப்பு அணி எழுகிறது

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று தொடங்கும் உழைப்பு அணி, உங்களுக்கே ஒரு சோதனை வைக்கிறது. எழுந்து நில்லுங்கள். இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி, கன்னத்துக்கு நேராக உயர்த்திப் பிடியுங்கள். கைகளைக் கீழே இறக்காமல் மூன்று நிமிடம் அப்படியே நில்லுங்கள்.

ஒரு நிமிடத்திலேயே தோள் கனக்கத் தொடங்குகிறது அல்லவா? ஒலிம்பிக் குத்துச்சண்டையில் ஒரு சுற்று மூன்று நிமிடம். மொத்தம் மூன்று சுற்றுகள். இடையில் ஒரே ஒரு நிமிடம் ஓய்வு. கையைத் தூக்கிப் பிடித்திருப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஓட வேண்டும், குனிய வேண்டும், விலக வேண்டும், குத்த வேண்டும், குத்து வாங்கினாலும் நிதானம் தவறாமல் யோசிக்க வேண்டும்! இதற்காகத்தான் வீரர்கள் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறார்கள். கயிறு தாண்டுகிறார்கள். மணல் மூட்டையைக் குத்திக் குத்திப் பழகுகிறார்கள்.

"வேகம் பிறவியிலேயே வருவதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். கண்ணால் ஒன்றைப் பார்த்து, உடனே கையை அசைக்க மனிதர்களுக்குச் சுமாராக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் நல்ல வீரரின் குத்து வந்து சேர்ந்துவிடும். அப்படியிருக்க, வீரர்கள் எப்படித் தலையை விலக்கித் தப்பிக்கிறார்கள்?

அவர்கள் கையைப் பார்த்துவிட்டு விலகுவதில்லை. கை கிளம்புவதற்கு முன்பே எதிராளியின் தோள் லேசாகத் திரும்பும். இடுப்பு அசையும். காலின் எடை மாறும். ஆயிரக்கணக்கான முறை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது போதும். 'இதோ, இடது கை வரப்போகிறது' என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். நாம் 'மின்னல் வேகம்' என்று வியப்பதில் பெரும் பகுதி, பழக்கத்தால் வந்த முன்யோசனைதான்.

உக்ரைன் நாட்டு வீரர் வாசில் லோமசென்கோவைப் பாருங்கள். 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்றவர். அவர் கால்களை நகர்த்தும் அழகைப் பார்த்தவர்கள் 'இது பிறவி வரம்' என்றே சொல்வார்கள். ஆனால், சிறுவயதில் அவருடைய தந்தை அவரைக் குத்துச்சண்டையிலிருந்து கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, உக்ரைன் நாட்டு மரபு நடனம் கற்க அனுப்பினார். அந்தக் கால்களுக்குப் பின்னால் ஒரு நடனப் பள்ளி இருக்கிறது!

ஒரே மனிதர், இரண்டு முடிவுகள்

இனி ஒரு பழைய கதை. இதைக் கேட்டால் இரண்டு அணியுமே யோசிக்கத் தொடங்கும்.

1990ம் ஆண்டு, பிப்ரவரி 11. ஜப்பானின் டோக்கியோ நகரம். உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசன், பஸ்டர் டக்ளஸ் என்பவரோடு மோதினார். டைசன் 20 வயதிலேயே சாம்பியன் ஆனவர். அதுவரை மோதிய 37 போட்டிகளிலும் வென்றவர். டக்ளஸ் ஜெயிப்பார் என்று நம்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் டக்ளஸ் தன் தாயையும் பறிகொடுத்திருந்தார்.

ஆனால் அவர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். டைசனோ இந்தப் போட்டியைப் பெரிதாக நினைக்கவில்லை, சரியாகப் பயிற்சியும் செய்யவில்லை. எட்டாவது சுற்றில் டக்ளஸ் கீழே விழுந்தார். விழுந்தவர் எழுந்தார்! பத்தாவது சுற்றில் டைசனையே வீழ்த்தினார். உலகமே வாயைப் பிளந்தது.

கதை இதோடு முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 25ம் தேதி, டக்ளஸ் தன் பட்டத்தைக் காக்க இவாண்டர் ஹோலிஃபீல்டுடன் மோதினார். இந்த முறை அவர் உடல் எடை ஆறு கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது. உடம்பைப் பார்த்தவுடனேயே பயிற்சி போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது சுற்றிலேயே தோற்றுப் போனார்.

எட்டே மாதத்தில் அவருடைய உயரம் குறைந்துவிட்டதா? கை சுருங்கிவிட்டதா? இல்லையே! பிறவித் திறமை அப்படியே இருந்தது. தயாரிப்புதான் இல்லை. டோக்கியோவில் டைசன் செய்த அதே தவறை, அவரை வென்றவரே செய்தார்.

இப்போது நம் ஜாஸ்மினுக்கு வருவோம். 2024ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், பிலிப்பைன்ஸ் வீராங்கனை நெஸ்தி பெட்டேசியோவிடம் முதல் போட்டியிலேயே தோற்று வெளியேறியவர் அவர். அப்போதும் அவர் அதே குடும்பத்துப் பெண்தான். அதே உயரம், அதே கைகள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், பாரிசில் வெள்ளி வென்ற போலந்து வீராங்கனை ஜூலியா ஷெரெமெட்டாவையே இறுதிப் போட்டியில் வென்றுவிட்டார். முதல் சுற்றில் தோற்றவர் மறுபடியும் பயிற்சிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தங்கம் ஏது? குடும்பப் பெருமை மட்டும் பதக்கம் வாங்கித் தந்துவிடாது என்பது தெரிகிறது அல்லவா?

பேசாமல் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள்

"அப்படியானால் உழைப்பு அணிதான் வென்றது!" என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நம் மேடையில் மூன்றாவதாக ஒருவர் இவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் வாய்ப்பு.

ஒரு கேள்வி கேட்கிறேன். லிவர்பூலில் பதக்கம் வென்ற நான்கு பெண்களும் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்கள் தெரியுமா? நான்கு பேருமே ஹரியானா! அவர்களில் மூன்று பேர் பிவானி என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். 2008ம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் குத்துச்சண்டைப் பதக்கத்தை வென்ற விஜேந்தர் சிங்கும் பிவானிக்காரர்தான். அந்த ஒலிம்பிக்கில் மோதிய ஐந்து இந்திய வீரர்களில் நான்கு பேர் பிவானியிலிருந்து போனவர்கள்!

இவ்வளவு பெரிய நாட்டில் குத்துச்சண்டைத் திறமை உள்ள குழந்தைகள் ஒரே ஊரில் மட்டுமா பிறப்பார்கள்? அப்படி இருக்கவே முடியாது. பிவானியில் நடந்தது வேறு. ஹவா சிங், தான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தார். அடுத்தடுத்துப் பயிற்சிக்கூடங்கள் வளர்ந்தன. பக்கத்து வீட்டு அண்ணன் பதக்கத்தோடு வந்தால், அதைப் பார்த்த தம்பிக்கும் தங்கைக்கும் ஆசை வரும். போய்க் கேட்டால் சொல்லித்தர ஆளும் இருக்கிறார். கியூபா நாடு குத்துச்சண்டைக்குப் பேர்போனது. அதனால் பிவானியை 'குட்டி கியூபா' என்றே அழைக்கிறார்கள்.

நம் வடசென்னையிலும் ஒரு காலத்தில் குத்துச்சண்டை கொடிகட்டிப் பறந்தது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று அணிகள் இருந்தன. 2021ம் ஆண்டு வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தில் உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 'பரம்பரை' என்பது ரத்த உறவைக் குறிக்கவில்லை. ஒரு வாத்தியார் வழியில் வந்து பயின்றவர்களின் கூட்டத்தைத்தான் குறித்தது. கற்றுக் கொடுப்பவர் இருந்தால் பரம்பரை உருவாகிவிடும்!

மேரி கோம் கதையும் இதைத்தான் சொல்கிறது. மணிப்பூரில் பிறர் நிலத்தில் பாடுபட்ட விவசாயத் தம்பதியின் மகள் அவர். பள்ளியில் ஓட்டமும் ஈட்டி எறிதலும்தான் அவருக்குப் பிடித்தவை. 1998ம் ஆண்டு, அதே மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங், பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். அதைப் பார்த்துத்தான் மேரிக்குக் குத்துச்சண்டையில் ஆசை பிறந்தது. 2002 முதல் 2018 வரை ஆறு முறை உலக சாம்பியன் ஆனார்.

ஆனாலும், பெண்கள் குத்துச்சண்டை 2012ம் ஆண்டுதான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதிலும் மேரி வழக்கமாக மோதிய எடைப் பிரிவு இல்லை! தன்னைவிடப் பெரிய உடல்வாகு கொண்டவர்களோடு 51 கிலோ பிரிவில் மோதித்தான் வெண்கலம் வென்றார். மேரியின் திறமையும் உழைப்பும் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தன. கதவுதான் தாமதமாகத் திறந்தது.

ஒரு கசப்பான உண்மை

உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது. திறமை, உழைப்பு, வாய்ப்பு மூன்றும் இருந்தும் தோற்பவர்கள் உண்டு.

தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன், 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக சாம்பியன். இடையில் தோள் காயத்தால் அவதிப்பட்டு, மீண்டு வந்தவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் நிச்சயம் என்று நாடே எதிர்பார்த்தது. ஆனால், தன் இரண்டாவது போட்டியிலேயே, பிரிவின் முதல்நிலை வீராங்கனையான சீனாவின் வு யூவைச் சந்திக்க நேர்ந்தது. நிகத் தோற்றார். வு யூ தங்கமே வென்றார். இருவரும் வேறு வரிசையில் சந்தித்திருந்தால் நிகத்துக்கு ஒரு பதக்கமாவது கிடைத்திருக்கலாம். இதில் நிகத்தின் உழைப்பைக் குறை சொல்ல முடியுமா? அதிர்ஷ்டம் என்று ஒன்றும் விளையாட்டில் உண்டு.

'உழைத்தால் நிச்சயம் சாம்பியன் ஆகலாம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அதை அப்படியே நம்பும் பிள்ளை தோற்றுவிட்டால், 'நான் சரியாக உழைக்கவில்லை போலிருக்கிறது' என்று தன்னையே நொந்துகொள்ளும். அது நியாயம் இல்லை.

தீர்ப்பு

இனி தீர்ப்புக்கு வருவோமா?

கேள்வியே சற்றுப் பிழையானது என்பதுதான் என் தீர்ப்பு. ஒரு வயலில் நல்ல விளைச்சல் கண்டால், அது விதையாலா, உழவாலா, மழையாலா என்று கேட்போமா? மூன்றும் சேர்ந்தால்தானே விளையும். விதையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மழை நம் கையில் இல்லை. உழவு மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதனால்தான் பெரியவர்கள் திரும்பத் திரும்ப உழைப்பைப் பற்றியே பேசுகிறார்கள்.

முக்கியமான இன்னொன்றும் உண்டு. உழாத வயலில் விதை நல்லதா, சொத்தையா என்று எப்படித் தெரியும்? மேரி கோம் கையுறையை மாட்டாமலே இருந்திருந்தால், அவருக்குள் ஆறு உலகப் பட்டங்கள் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "எனக்குக் கணக்கு வராது சார்", "எனக்கு ஓவியம் வராது சார்." எத்தனை நாள் முயன்று பார்த்தாய் என்று கேட்டால் பதில் வராது. ஒரு தேர்வு, ஒரு தோல்வி, அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். இன்னும் சில பிள்ளைகள் இருப்பார்கள். 'இவன் பிறவி மேதை' என்று எல்லோரும் புகழ்ந்த பிள்ளைகள். அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயத்தில் கடினமான கணக்கைத் தொடவே மாட்டார்கள். 'வராது' என்ற சொல்லும் 'மேதை' என்ற சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுமே பிள்ளையை முயற்சி செய்ய விடாமல் தடுத்துவிடுகின்றன.

ஆகவே, மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஒன்று, எதையும் 'வராது' என்று சொல்வதற்கு முன், ஒரு நல்ல ஆசிரியரிடம் சில மாதங்களாவது உண்மையாகப் பழகிப் பாருங்கள். இரண்டு, பழகிப் பார்த்தும் அது உங்களுக்கு உரியதாகத் தோன்றவில்லையா? வெட்கப்படாமல் வேறொன்றைத் தேடுங்கள். ஓட்டமும் ஈட்டியும் மேரி கோமுக்கு நிலைக்கவில்லை, குத்துச்சண்டை நிலைத்தது. மூன்று, உங்கள் பக்கத்தில் வாய்ப்பே கிடைக்காத ஒரு நண்பன் இருந்தால், உங்கள் பந்தையோ புத்தகத்தையோ அவனோடு பகிர்ந்துகொள்ளுங்கள். மழை நம் கையில் இல்லாவிட்டாலும், ஒரு குடம் தண்ணீர் ஊற்ற நம்மால் முடியும்!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுத் தம்பி, தங்கைகளிடம் குத்துச்சண்டை பழகக் கூடாது! தலையில் படும் அடி ஆபத்தானது. ஆசை இருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். பயிற்சியாளரின் மேற்பார்வையில், தக்க பாதுகாப்புக் கவசங்களோடு மட்டுமே கற்க வேண்டும்.

2028ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் குத்துச்சண்டை உண்டு என்று 2025ம் ஆண்டு மார்ச் மாதம் முடிவாகிவிட்டது. விஜேந்தர், மேரி கோம், 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் லவ்லினா போர்கோஹெய்ன் என்று இந்தியா இதுவரை ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வென்றவை மூன்று வெண்கலங்கள்தான். வெள்ளியோ தங்கமோ இன்னும் கிடைக்கவில்லை. அதை வெல்லப் போகிறவர் பிரபல வீரரின் பேத்தியாக இருக்கலாம், ஆட்டோ ஓட்டுநரின் மகளாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், நாம் தூங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலையில் அவர் ஓடிக்கொண்டிருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

என்ன செல்லங்களே, உங்கள் தீர்ப்பு என்ன? இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இந்தப் பட்டிமன்றத்தை நடத்துங்கள். நடுவர் நாற்காலி உங்களுக்குத்தான்!